ஜார்ஜ் பூல்

1815ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், இங்கிலாந்தின் லிங்கன் நகரில், காலணி தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஜார்ஜ் பூல். தந்தைக்குத் தொழிலைவிடத் தொலைநோக்கி செய்வதில்தான் நாட்டம். எனவே வீட்டில் வறுமை குடிகொண்டது. பதினாறு வயதிலேயே குடும்பப் பாரம் மகன் தோளில் ஏறிற்று. பள்ளியொன்றில் உதவி ஆசிரியரானார். கல்லூரியில் மாணவராகப் பயிலும் பேறு அவருக்கு வாய்க்கவேயில்லை. பிறமொழிகளையும் உயர் கணிதத்தையும் தாமே கற்றார். 1844இல் ராயல் சொசைட்டி பதக்கம் வழங்கியது. 1849இல், பட்டமே பெறாத அவரை அயர்லாந்தின் கார்க் நகரக் குவீன்ஸ் கல்லூரி கணிதப் பேராசிரியராக ஏற்றது.

1854இல் சிந்தனையின் விதிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். சிவப்புப் பூக்களுள் சிவப்பானவற்றைப் பொறுக்கினால் கிடைப்பவை அதே பூக்கள்தாம் அன்றோ? இதைக் கணக்காக எழுதினால், ஓர் எண்ணை அதனாலேயே பெருக்க, அதே எண் வரவேண்டும். அத்தகைய எண்கள் 0, 1 என்னும் இரண்டே. இந்த இயற்கணிதம் மின்சுற்றுகளுக்கும் பொருந்தும் என்று 1937இல் அமெரிக்க மாணவர் கிளாட் ஷானன் காட்டினார். கணினியின் பிட் அந்த இரண்டு எண்களில்தான் இயங்குகிறது.

இதன் பயனை மரபணு ஆராய்ச்சியில் பாருங்கள். மனித மரபுத்தொகுதியின் ஒரு படியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். வகையோ ஏ, சி, ஜி, டி என நான்கே. எழுத்துக்கு எட்டு பிட் கொண்ட ஒரு பைட் ஒதுக்குவது வீண். ஆகவே பேம் என்னும் கோப்பு வடிவம் ஒரு பைட்டில் இரண்டு எழுத்துகளை அடக்குகிறது. நான்கு வகைக்கு இரண்டு பிட்டே போதுமே, நான்கு எதற்கு என்பீர்கள். அங்கேதான் பூல் வருகிறார். ஏ 1, சி 2, ஜி 4, டி 8. ஒவ்வொன்றுக்கும் தனி பிட். ஏயா ஜியா என்று ஐயம் எழுந்தால், ‘அல்லது’ என்னும் செயலால் இரண்டையும் இணைத்து 5 என எழுதலாம். ஒன்றுமே தெளிவில்லையெனில் 15. அந்த ஐயத்துள் சி அடங்குமா என்று அறிய ‘மற்றும்’ என்னும் செயல் போதும்; விடை 0, ஆகவே அடங்காது. ஐயத்தையும் நான்கே பிட்டில் பிழையின்றி எழுதிவிடுகிறோம்!

1864 நவம்பரில் பூல் கொட்டும் மழையில் கல்லூரிக்கு நடந்தார்; நனைந்த உடையோடே பாடம் நடத்தினார். காய்ச்சல் கண்டு டிசம்பர் 8ஆம் நாள், 49ஆம் வயதில் மறைந்தார். தம் கணிதம் எந்தப் பொறியில் ஏறும் என்பதை அவர் அறியார். பயன் தெரியவில்லையே என்று நாம் ஒரு பாடத்தைத் தள்ளிவைக்கும்போது, அந்த மழையில் நடந்தவரைச் சற்றே நினைத்துக்கொள்வோம்.