குடியுரிமையா, தகுதியா? இரட்டைமலை சீனிவாசன் வாழ்வு சொல்லும் பதில்

வேலை மண்ணின் மைந்தருக்கா, தகுதி உள்ளவருக்கா? பிழைக்க வந்தவர்கள் அதிகம் உள்ள ஜேடர்பாளையம் பகுதிக்கு இது புதிய கேள்வி அல்ல. 2023-ல் ஒரு கொலையை ஒட்டி எழுந்த பதற்றத்தில், வெல்ல ஆலைக் கொட்டகையில் தங்கியிருந்த வடமாநிலத் தொழிலாளர்கள் தீவைப்புக்கு ஆளானதை நாம் மறக்க முடியாது. இந்தக் கேள்வியின் இரு முனைகளையும் தன் வாழ்வில் சந்தித்தவர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்து, கோவையில் படித்தவர் அவர். 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அந்த ஆண்டில்தான் ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்தக் கோரிக்கை வலுத்தது. காங்கிரஸ் அதை ஆதரித்தது. சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேரின் கையொப்பத்துடன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்.

தேர்வுதான் தகுதிக்கு அளவுகோல் என்றால், தலைமுறைகளாகப் படித்த சாதிகளே ஆட்சியர் நாற்காலிகளை நிரப்பும். நம் மக்கள் அவர்களிடமே நீதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும் என்பது அவர் அச்சம். லண்டன் போய்த் தேர்வெழுதும் வசதி நம்மவருக்கும் இல்லை என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. ஆனால் பள்ளிக் கதவே திறக்காதவனுக்குத் தேர்வு எங்கே நடந்தால் என்ன என்ற கேள்வியை அந்த மனு எழுப்பிவிட்டது.

1900-ல் கடல் கடந்த அவர், பின்னர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கே நேட்டாலில் 1897-ம் ஆண்டுச் சட்டப்படி, குடியேற வருபவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதிக் காட்ட வேண்டும். பார்வைக்கு அது தகுதித் தேர்வு. உள்நோக்கம் இந்தியரைத் தடுப்பது. ஊரில் பிறப்பு சுவரானது. அங்கே தேர்வே சுவரானது.

1921-ல் திரும்பியவர் 1923-ல் சென்னை சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளங்களை எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-ல் நிறைவேற்றச் செய்தார். வரி கட்டும் குடிமகனுக்குத் தெருவில் நடக்கும் உரிமைக்கே தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது.

1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் அவரும் சேர்ந்து கொடுத்த கோரிக்கையில் முதலில் இருந்தது சமக் குடியுரிமை. அரசுப் பணிகளில் உரிய பங்கும் அதில் கேட்கப்பட்டது. குடியுரிமையும் வேலையும் ஒன்றையொன்று தள்ளும் எதிரிகள் அல்ல. இரண்டும் சேர்ந்தால்தான் மனித வாழ்வு.

1945-ல் அவர் மறைந்தார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் அவர் வாழ்வில் இருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தகுதி என்று யார் சொன்னாலும், அதைப் பெறும் வழி எல்லோருக்கும் திறந்திருந்ததா என்று கேட்க வேண்டும். நம் ஊருக்குப் பிழைக்க வந்தவரைப் பார்க்கும்போதும் அதே கேள்வியை நாம் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.