டத்தோ ஓன் திறக்க நினைத்த கதவு

டத்தோ ஓன் ஜாபார் என்றதும் அம்னோவைத் தோற்றுவித்தவர் என்பதே நம் நினைவுக்கு வரும். அதன் பின்னர் அவர் நடந்த பாதையும் நாம் அறிய வேண்டியதே.

1895-இல் ஜொகூர் பாருவில் பிறந்த அவர், 1946-இல் அம்னோவின் முதல் தலைவரானார். ஏழ்மையில் உழலும் கம்பத்து மலாய்க்காரர்கள், பிற இனத்தவருக்குக் குடியுரிமை வழங்க அஞ்சுவர் என்பதை உணர்ந்திருந்தார். ஆகவே, மலாய்க்காரர்களின் பொருளாதார மேம்பாட்டையும் தாராளக் குடியுரிமையையும் சேர்த்தே வலியுறுத்தினார். கிராமத் தொழில்களுக்குக் கடனுதவி வழங்க 1950-இல் அமைந்த ரீடா வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

எல்லா இனத்தவரையும் அம்னோவில் சேர்க்க விரும்பினார், கட்சி இணங்கவில்லை. 1951-இல் விலகி, மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். ம.இ.கா. அவருக்குத் துணை நின்றது. ஆயினும், 1952 கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் 12 இடங்களில் அம்னோ, ம.சீ.ச. அணி 9 இடங்களை வென்றது. அவர் கட்சிக்கு இரண்டே கிடைத்தன. அடுத்து அவர் அமைத்த நெகாரா கட்சி மலாய்க்காரர் பக்கமே சாய்ந்தது. 1955 பொதுத்தேர்தலில் அதற்கு ஓர் இடமும் கிட்டவில்லை. 1959-இல் திரெங்கானுவிலிருந்து நாடாளுமன்றம் சென்ற அவர், 1962-இல் மறைந்தார்.

ரீடா 1966-இல் மாராவாக உருமாறி நிலைத்தது. ஆனால், எல்லா இனத்தவருக்கும் ஒரே கட்சி என்ற அவரது கனவை அன்றைய வாக்காளர்கள் ஏற்கவில்லை. தத்தம் இனக் கட்சிகள் கைகோத்த கூட்டணியையே ஏற்றனர். அவர் எழுப்பிய கேள்விக்கு விடை காணும் பொறுப்பு இளையோராகிய நமக்கும் உண்டு.