காமிரா கடைக்காரரும் வானவில் கொடியும்

1978-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி காலை. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் துப்பாக்கி வெடித்தது. மேயர் ஜார்ஜ் மாஸ்கோன் பிணமாகச் சாய்ந்தார். சற்று நேரத்தில் நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க்கும் சுடப்பட்டு இறந்தார். அவருக்கு வயது 48. பதவி ஏற்று 11 மாதம்கூட ஆகவில்லை!

யார் இந்த மில்க்?

மனதில் ஒரு இரகசியம்

மில்க் 1930-ம் ஆண்டு மே 22-ந் தேதி பிறந்தார். நியூயார்க் அருகே உள்ள உட்மியர் அவருடைய ஊர். யூதக் குடும்பம். தாத்தா பெரிய கடை முதலாளி. மில்க் கணிதம் படித்து, 1951-ல் பட்டம் பெற்றார். பிறகு கடற்படையில் சேர்ந்தார்.

அவர் ஓர் இரகசியத்தை மனதில் பூட்டி வைத்திருந்தார். அவருடைய நாட்டம் பெண்கள்மீது செல்லவில்லை. ஆண்களையே அவர் நேசித்தார். அக்காலத்தில் அது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், போலீசும் பிடிக்கும். இதனாலேயே 1955-ல் அவர் கடற்படையை விட்டு விலக நேர்ந்தது.

அதன்பின் பள்ளி ஆசிரியராக இருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியிலும் பங்கு மார்க்கெட்டிலும் வேலை பார்த்தார். இரகசியத்தை மட்டும் மறைத்தே வாழ்ந்தார்.

மூன்று தோல்வி

1972-ல் சான்பிரான்சிஸ்கோவில் குடியேறினார். மறு ஆண்டு காஸ்ட்ரோ தெருவில் காமிரா கடை திறந்தார். அவரைப் போன்ற இயல்பு உடையவர்கள் அந்தப் பகுதியில் பலர் இருந்தார்கள். இனி ஒளிந்து வாழ்வதில்லை என்று மில்க் முடிவு செய்தார். தேர்தலில் நின்றார்.

1973-ல் தோற்றார். 1975-ல் தோற்றார். 1976-லும் தோற்றார். மனம் தளரவில்லை. லாரித் தொழிலாளர்கள் ஒரு பீர் கம்பெனியோடு மோதியபோது, அந்தப் பீரை மதுக்கடைகளில் விற்காதபடி செய்து உதவினார். 1977-ல் வெற்றி கிடைத்தது!

தெருவில் நாய் அசுத்தம் செய்தால் வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். தன் இனத்தாருக்கு வேலையும் வீடும் மறுக்கக்கூடாது என்ற சட்டமும் அவர் முயற்சியால் நிறைவேறியது.

எட்டு நிறக் கொடி

1978 ஜூன் 25-ந் தேதி அவர்களுடைய பெரிய ஊர்வலம் நடந்தது. மில்க்கும் கலந்துகொண்டார். கில்பர்ட் பேக்கரும் நண்பர்களும் கையால் சாயம் தோய்த்துத் தைத்த வானவில் கொடி அன்றுதான் முதன்முதலாகப் பறந்தது. அதில் எட்டு நிறங்கள். பின்னால் அவை ஆறாகக் குறைந்தன.

ஐந்து மாதத்தில் மில்க் கொலையுண்டார். சுட்டவன் டான் ஒயிட். நகரசபைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, அதையே திரும்பக் கேட்டுக் கிடைக்காதவன். அவனுக்கு ஏழு ஆண்டு எட்டு மாதத் தண்டனைதான் கிடைத்தது. நகரம் கொந்தளித்தது. மில்க் இறந்த இரவில் ஆயிரக்கணக்கான மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நகர மண்டபத்துக்கு நடந்தார்கள். அதன்பின் வானவில் கொடியைத் தேடி வாங்குவோர் பெருகினார்கள்.

கொடிக்குத் தடை

47 ஆண்டுகள் சென்றன. 2025-ல் யூட்டா, ஐடஹோ, மான்டனா மாநிலங்களில் புதுச் சட்டங்கள் வந்தன. அரசாங்கக் கட்டிடங்களில் இன்னின்ன கொடிகளைத்தான் ஏற்றலாம் என்று அவை பட்டியல் போட்டன. வானவில் கொடி பட்டியலில் இல்லை. யூட்டாவில் மீறினால் நாள் ஒன்றுக்கு 500 டாலர் அபராதம்!

அரசாங்கக் கட்டிடம் எல்லோருக்கும் பொது, அங்கே எந்தத் தரப்பின் கொடியும் கூடாது என்பது சட்டத்தை ஆதரித்தவர்களின் வாதம். அந்த எல்லோரில் நாங்களும் உண்டு என்பதைக் காட்டவே அந்தக் கொடி என்பது எதிர்த்தவர்களின் பதில்.

நகரங்கள் ஒரு வழி கண்டன. ஊர்க்கொடி பட்டியலில் இருந்தது. ஐடஹோவின் தலைநகர் பாய்சி, வானவில் கொடியையே ஊர்க்கொடிகளில் ஒன்றாக்கியது. யூட்டாவின் தலைநகர் சால்ட் லேக் சிட்டி, அதில் தன் சின்னமான அல்லிப் பூவைப் பொறித்து ஊர்க்கொடி ஆக்கியது.

சண்டை துணியைப் பற்றியது அல்ல. நகர மண்டபத்தில் யாருக்கு இடம் உண்டு என்பதே கேள்வி. மூன்று முறை தோற்றும் அந்த வாசலைத் தட்டியவர் காமிரா கடைக்காரர் மில்க். நான்காம் முறை கதவு திறந்தது. உள்ளே போனவர் உயிரோடு திரும்பவில்லை.