ஈக்களை ஆராய்ந்து மனிதனை உணர்ந்த விஞ்ஞானி

கூர்ப்புக் கொள்கையை ஏற்பவன் கடவுளை மறுக்கவேண்டும் என்றும், கடவுளை ஏற்பவன் அக்கொள்கையை வெறுக்கவேண்டும் என்றும் எண்ணுவோர் நம் மத்தியில் இன்றும் உளர். உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் பிள்ளை இதுபற்றி வினவும்போது, விடை கூற அறியாது திகைக்கும் பெற்றோரும் பலர். இவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் தியோடோசியஸ் டொப்சான்ஸ்கி.

இவர் 1900ஆம் ஆண்டு தை 25ஆம் நாள், அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த உக்ரேனின் நெமிரிவ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை கணித ஆசிரியர். நெடுநாள் பிள்ளைப்பேறின்றி இருந்த பெற்றோர், செர்னிகோவ் நகரத்துப் புனித தியோடோசியசை வேண்டிப் பெற்ற ஒரே மகனுக்கு அப்புனிதரின் பெயரையே சூட்டினர். சிறுவயதில் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்த அவர், கியெவ் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில், 1918இல், ஒருவகை வண்டு பற்றித் தம் முதற் கட்டுரையை வெளியிட்டார். புரட்சியும் உள்நாட்டுப் போரும் நாட்டை அலைக்கழித்த ஆண்டுகள் அவை.

1927இல் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்று, பழ ஈக்களைக் கொண்டு பரம்பரை இயல்புகளை ஆராய்ந்துவந்த தோமஸ் ஹண்ட் மோர்கனின் ஆய்வுகூடத்தில் இணைந்தார். பின்னர் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. அங்கோ அரசியல், விஞ்ஞானத்தின் குரல்வளையை நெரித்தது. பெரும் தாவரவியலாளர் நிக்கொலாய் வவிலோவ் 1943இல் சிறையில் உயிர்துறந்தார். 1948இல் பிறப்புரிமையியலே தடைசெய்யப்பட்டது. அதற்குக் காரணமாயிருந்த லைசெங்கோவின் நூலை டொப்சான்ஸ்கி 1946இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அதன் வெறுமையை உலகறியச் செய்தார்.

ஆய்வுகூடப் போத்தல்களில் வளர்ந்த ஈக்களோடு அவர் நின்றுவிடவில்லை. மலைகளிலும் பாலைநிலங்களிலும் திரிந்து காட்டு ஈக்களைப் பிடித்து, அவற்றின் நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். சில ஈக்களில் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பி அமைந்திருந்தது. கலிபோர்னியாவின் சான் ஜசிந்தோ மலையில் இவ்வமைப்பு வகைகளின் வீதம் பருவத்திற்குப் பருவம் மாறுவதைக் கண்டார். பங்குனி முதல் ஆனிவரை ஒருவகை குறைந்தது. கோடை வெப்பத்தில் மீண்டும் பெருகியது.

இது தற்செயலா என்றறிய, இருவகை ஈக்களைக் கூடுகளில் ஒன்றாக வளர்த்தார். 25 பாகை வெப்பநிலையில் ஒருவகை ஏறத்தாழ 70 வீதத்தையும் மற்றது 30 வீதத்தையும் அடைந்து அவ்வாறே நிலைத்தன; குளிரான கூட்டில் மாற்றம் ஏற்படவில்லை. இரண்டையும் கலந்து பெற்ற ஈக்களே அவ்வெப்பத்தில் நன்கு வாழ்ந்தமையால், எவ்வகையும் அழிந்துபோகவில்லை. மிக மெதுவாக நிகழ்வதாய்க் கருதப்பட்ட இயற்கைத் தேர்வு, இவ்வாறு மாதக்கணக்கிற் காணக்கூடியதாயிற்று. 1937இல் அவர் வெளியிட்ட பிறப்புரிமையியலும் இனங்களின் தோற்றமும் பற்றிய நூல், டார்வினின் கொள்கையையும், அகுஸ்தினார் சபைத் துறவி மெண்டல் கண்ட விதிகளையும் ஒன்றிணைத்த நூல்களுள் முதன்மையானது.

ஈக்களிற் கண்டதை அவர் மனிதரிலும் கண்டார். எந்தக் குடித்தொகையும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டதன்று. வேற்றுமையே அதன் வளம். எனவே தூய இனம் என்பது வெறும் கற்பனை என இனவாதிகளை எதிர்த்து எழுதினார். மனிதர் சமமானவர்கள் என்பது எல்லாரும் ஒரேமாதிரியானவர்கள் என்பதாலன்று. வேறுபட்டிருந்தும் ஒரே மாண்பும் உரிமையும் உடையவர்கள் என்பதால் என்று விளக்கினார். இனத்தின் பெயரால் இரத்தம் சிந்திய நம் நாட்டினர் இதை ஊன்றிச் சிந்தித்தல் தகும்.

அவர் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர். யேசுசபைக் குரு தெயார் டி சார்டினின் சிந்தனைகளைப் பெரிதும் மதித்தவர். 1973இல் எழுதிய கட்டுரையொன்றில், படைப்பையும் கூர்ப்பையும் தாம் ஒருங்கே ஏற்பதாகவும், கூர்ப்பு இறைவன் படைக்கும் முறையே என்றும் கூறினார். ஆயினும் மறுவாழ்வு முதலிய சத்தியங்களில் அவருடைய எண்ணம் திருச்சபையின் போதனையோடு ஒத்திருக்கவில்லை என அவரோடு பழகியவர்கள் எழுதியுள்ளனர். ஆகவே விசுவாசத்திற்கு அவரை நாம் ஆசானாகக் கொள்ளவில்லை. நேர்மையான தேடலுக்கே அவரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

திருச்சபையின் நிலை தெளிவானது. மனித உடலின் தோற்றம் பற்றி இவ்வழியில் ஆராயத் தடையில்லை என்றும், ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்றும் 12ஆம் பத்திநாதர் 1950இற் போதித்தார். கூர்ப்பு வெறும் கருதுகோள் அன்று, அதற்கும் மேலானது என்பதை 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1996இல் ஏற்றுக்கொண்டார்.

1968இல் இரத்தப் புற்றுநோய் கண்டிருப்பதை அறிந்தபின்னும், மறு ஆண்டில் மனைவி நத்தாலியாவை இழந்தபின்னும், டொப்சான்ஸ்கி ஆய்வைக் கைவிடவில்லை. 1975ஆம் ஆண்டு மார்கழி 18ஆம் நாள் காலமானார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை உயிரியல் நூலைத் திறக்கும்போது அஞ்சவேண்டாம். உண்மை எங்கே காணப்படினும் அதன் ஊற்று இறைவனே. அதைத் தேடும் பிள்ளையின் கையைத் தட்டிவிடாது, அவனோடு சேர்ந்து செபியுங்கள்.