நெருப்பிலே முகம் எழுதியவர்

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் பொற்கொல்லர்கள் செய்த மூக்குப்பொடி டப்பிகளைப் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் அடங்கும் தங்கப் பெட்டி. மேலெல்லாம் எனாமல் வேலை. மூடியின் நடுவே தபால் தலை அளவில் ஒரு முகம். அவற்றுள் சிலவற்றில் முகம் முந்தியது, பெட்டி பிந்தியது. முந்திய நூற்றாண்டுச் சித்திரம் ஒன்று கிடைத்துவிட்டால், அதற்கென்றே பெட்டி செய்து பதித்தார்கள். அவ்வளவு மதிப்புப் பெற்ற முகங்களை எழுதியவர்தாம் ழான் பெதித்தோ.

1607-ல் ஜெனீவாவில், ஒரு சிற்பியின் மகனாகப் பிறந்தார். புராட்டஸ்டண்டுக் குடும்பம். நகை வேலை பழகியவர், உடன் பழகிய போர்தியேயோடு சேர்ந்து எனாமல் ஓவியத்தில் இறங்கினார்.

இரசாயனம் படிப்பவன் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன், பொறுத்தருள்க. மெல்லிய தங்கத் தகட்டின்மேல், வெள்ளீய ஆக்சைடு கலந்த கண்ணாடித் தூளை உருக்கி வெண்மையான தளம் அமைக்கவேண்டும். தகடு வளையாதிருக்கப் பின்புறமும் பூச்சு உண்டு. அதன்மேல் உலோக ஆக்சைடுகளால் எழுதுவார்கள்: நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, ஊதாவுக்கு மாங்கனீஸ், சிவப்புக்கு இரும்பு. எழுதி, உலையில் வைத்து, எடுத்து, மீண்டும் எழுதி, மீண்டும் உலை. மிகுந்த வெப்பம் தாங்கும் நிறம் முதலில், தாங்காதது கடைசியில். உலைக்குள் போன நிறம் வேறு, வெளியே வருவது வேறு. ஒரு கணம் தவறினால் ஒரு மாத உழைப்பு போயிற்று! நம் காசியில் குலாபி மீனாகாரி செய்வோருக்கு இந்தக் கவலை நன்கு தெரியும்.

இந்த இரகசியங்களில் பெதித்தோவுக்கு வழிகாட்டியவர் ஒரு மருத்துவர். 1630-களில் இலண்டன் சென்றபோது, அங்கே முதலாம் சார்லஸ் மன்னனின் வைத்தியராயிருந்தார் தியோடோர் தெ மயேர்ன். அவரும் ஜெனீவாக்காரர், நிறங்களின் இரசாயனத்தில் ஊறியவர். அவர் துணையால் மனிதத் தோலின் நிறமே பெதித்தோவுக்கு வசமாயிற்று. வான் டைக் தீட்டிய பெரிய சித்திரங்களை விரலளவு தகட்டில் இறக்கினார். ஆனால் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649-ல் மன்னன் தலையே போயிற்று. பெதித்தோ அதற்குள் பிரான்சு சேர்ந்துவிட்டார்.

அங்கே பதினான்காம் லூயியின் ஆதரவு. 1651-ல் மார்கரீத் குப்பே என்ற பெண்ணை மணந்தார், பதினேழு குழந்தைகள். வெளிநாட்டுத் தூதர்களுக்கு மன்னன் தன் முகத்தை வைரங்கள் சூழப் பதித்துப் பரிசளிப்பது வழக்கம். அந்த முகத்தை எழுதிய கைகளில் முதன்மையானது பெதித்தோவின் கை. (பரிசு பெற்றவர்களில் பலர் வைரத்தைப் பெயர்த்து விற்றார்கள், மனித சுபாவம்தானே!) மன்னனின் புருவமும் உதடும் அவரைப்போல் அறிந்தவர் அரண்மனையிலேயே சிலர்தாம் இருந்திருப்பார்கள்.

1685-ல் அதே மன்னன் புராட்டஸ்டண்டுகளுக்கிருந்த வழிபாட்டுரிமையைப் பறித்தான். சொந்த ஊர் திரும்ப அனுமதி கேட்டார் பெதித்தோ. கிடைத்தது சிறை. எழுபத்தெட்டு வயதுக் கிழவரைப் பாரிஸின் ஃபோர் லெவேக் சிறையில் அடைத்தார்கள். மதம் மாற்ற, பெயர்பெற்ற பேச்சாளரான பொசுவே பாதிரியாரை ஏவினார்கள். பேச்சுக்கு அவர் அசையவில்லை. காய்ச்சலும் சிறையும் சேர்ந்து வருத்தியபின்னரே, தம் மதத்தைக் கைவிடுவதாகக் கையெழுத்திட்டார், வெளியே விட்டார்கள்.

இதைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். வெளியில் வந்தவர் மன்னனிடம் மீண்டும் வேலை கேட்கவில்லை. 1687-ல் ஜெனீவாவுக்குத் தப்பிச் சென்றார். அங்கே திருச்சபையார் முன் நின்று, பிரான்சில் இட்ட கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டார். வரவேற்ற அரண்மனையிலும் மன்னிப்புக் கேட்க நேர்ந்த சபையிலும் அவருக்கு எங்கே அதிகம் வலித்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. சபை அவரை ஏற்றுக்கொண்டது.

ஊரார் பெதித்தோவை மறக்கவில்லை. வேலையைப் பார்க்கவென்று கூட்டம் வந்துகொண்டே இருந்ததால், அமைதி தேடி ஏரிக்கரை ஊராகிய வெவேக்குக் குடிபெயர்ந்தார். கண்பார்வை அந்த வயதிலும் கைவிடவில்லை போலும். போலந்து மன்னன் சொபியெஸ்கிக்காக முகங்கள் எழுதினார். 1691 ஏப்ரலில் ஒரு நாள், மன்னர் யாருக்காகவும் அன்றி, தம் மனைவியின் முகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது நோய் தாக்கிச் சாய்ந்தார் என்பார்கள். எண்பத்து மூன்று வயது. அந்தத் தகடு உலைக்குப் போகவில்லை.