வெயிலை அளந்த அன்னா மணி

மழை பெய்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று பேப்பரில் வருகிறது. ஆனா நம்ம கண்மாய்த் தண்ணி பங்குனி வெயில்ல எவ்வளவு ஆவியாப் போச்சுன்னு என்றைக்காவது கேட்டிருக்கோமா? சிவகாசியில் பட்டாசும் தீக்குச்சியும் காய உதவுகிற அதே வெயில்தான் கண்மாயையும் கரிசல் மண்ணையும் காய வைக்கிறது. அந்தக் கணக்கைச் சரியாகப் போட வழி செய்தவர்களில் ஒருவர் அன்னா மணி.

இவர் 1918 ஆகஸ்ட் 23-ல், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பீர்மேட்டில் பிறந்தார். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு கொடுத்தார்கள். அது வேண்டாம், என்சைக்ளோபீடியா புத்தகம்தான் வேணும்னு கேட்டு வாங்கிக்கொண்டார்! 1939-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் சேர்ந்து, வைரமும் மாணிக்கமும் ஒளிரும் விதத்தை ஆராய்ந்தார். தோடு வேண்டாம்னவர் வைரத்தையே ஆராய்ச்சி பண்ணினார், பாருங்க!

1945-ல் ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்சி. படிக்கவில்லை என்று சொல்லி டாக்டர் பட்டம் தரவில்லை. அவர் சோர்ந்து உட்காரவில்லை. அதே வருஷம் லண்டன் போனார். இயற்பியல் படிக்க நினைத்தவருக்குக் கிடைத்தது வானிலைக் கருவிப் பயிற்சி. அதையே முழு மனசோடு கற்றார்.

1948-ல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். சுமார் 100 கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, அவற்றை இங்கேயே செய்ய வைத்தார். தப்பா அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவர் கொள்கை. 1957-58-ல் சூரிய வெப்பத்தை அளக்கும் நிலையங்களை நாட்டில் பல இடங்களில் அமைத்தார்.

இதுக்கும் நம்ம வயலுக்கும் என்ன சம்பந்தம்? மண்ணிலிருந்து ஆவியாகும் நீரும், இலை வழியாகப் போகும் நீரும் சேர்ந்ததுதான் பயிரின் தண்ணீர்ச் செலவு. வானிலை நிலையத்தில் 122 செ.மீ. அகலத் தொட்டியில் தண்ணீர் வைத்து, காக்கா குடிக்காமல் கம்பி வலை போட்டு, தினமும் காலையில் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். அதைச் சுமார் 0.7-ஆல் பெருக்கி மதிப்பிடுவார்கள். வெயில், வெப்பம், ஈரப்பதம், காற்று நாலையும் அளந்து சூத்திரத்தில் போடுவது இன்னொரு முறை. கருவி ஒரு நாளைக்கு 1 மி.மீ. தப்பினால், ஒரு ஏக்கருக்கு 4,000 லிட்டர் கணக்குத் தப்பும்! ஒரு நாள் அளந்தாலும் போதாது. வருஷக்கணக்கில் விடாமல் எழுதணும்.

1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். இந்தியாவின் சூரிய வெப்பம் பற்றி 1980, 1981-ல் இரண்டு நூல்கள் வெளியிட்டார். 2001 ஆகஸ்ட் 16-ல் மறைந்தார். பட்டம் கிடைக்காதவரின் அளவுகள் நாட்டுக்கே பயன்பட்டன.

நாமும் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தினமும் காலை 8 மணிக்கு ஸ்கேலால் அளப்போமா? ஒரு மாதக் கணக்கை இந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டுவோம். ஒரு நாளும் விடக்கூடாது, சரியா?