டோர்னக்கல் அத்தியட்சர் அசரியா

சித்தூர், மதனப்பள்ளி பக்கத்துப் பழைய சபைகள் பல ஆற்காடு மிஷன் வழிவந்தவை. 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் மூவர் தொடங்கிய அந்த மிஷனில் அத்தியட்சர் என்று ஒருவர் கிடையாது. போதகர்களும் மூப்பர்களும் ஒன்றாகக் கூடிப் பேசித்தான் சபைக் காரியங்களை முடிவு செய்வார்கள். ஆங்கிலிக்கன் சபையிலோ அத்தியட்சர் கை வைக்காமல் குருப்பட்டமே இல்லை. இந்த இரண்டும் ஒரே சபையாக முடியும் என்று நம்பி உழைத்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். அதிலும் வேடிக்கை, அவரே ஓர் அத்தியட்சர்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தகப்பனார் அவ்வூர்க் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த பின் ஒய்.எம்.சி.ஏ. காரியதரிசியாக ஊர் ஊராகச் சுற்றினார். 1903-ல் இந்தியர் பணத்திலும் இந்தியர் பொறுப்பிலும் நடக்கும் ஒரு மிஷனெரி சங்கத்தைத் திருநெல்வேலியில் நிறுவினார். அதன் ஊழியர்கள் சென்ற இடம் நிஜாம் சீமையில் உள்ள டோர்னக்கல். பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரில் இருப்பது சரியல்ல என்று கண்டு, 1909-ல் குருப்பட்டம் பெற்று அவரும் அங்கே போனார். அப்போது வயது முப்பத்தைந்து. அந்த வயதில் புதிதாகத் தெலுங்கு பேசிப் பழகுவது என்னவென்று இங்கு பிழைக்க வந்த நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வெள்ளைக்கார மிஷனெரிகள் இந்திய ஊழியர்களுக்குப் பொருளும் உழைப்பும் தருகிறார்கள், சிநேகத்தைத் தருவதில்லை என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார். சபையில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் டோர்னக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

டோர்னக்கலில் அவர் எல்லாவற்றையும் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. கிராமத்து ஆட்களையே பயிற்றுவித்து உபாத்திமார்களாகவும் குருமார்களாகவும் ஆக்கினார். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் அவர்களைத் தேடிப் போனார். அவர் காலத்திலேயே அத்தியட்சாதீனத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவர் தவிர எல்லோரும் இந்தியர். ஆற்காடு மிஷன் சபைகள் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபைக்காரர்களும் ஆங்கிலிக்கன்களும் அங்கே ஒன்றுபட முடிவு செய்தார்கள். மேல்நாட்டில் உண்டான பிரிவினையை இந்தியர் சுமக்க வேண்டியதில்லை என்பது அசரியாவின் வாதம்.

முடிவு செய்ய இரண்டு நாள். நிறைவேற்ற இருபத்தெட்டு வருஷம். அத்தியட்சர் வந்தால் ராஜா போல ஆளுவார் என்று ஐக்கிய சபையார் பயந்தார்கள். அத்தியட்சர் கை வைக்காத போதகர்களை எப்படி ஏற்பது என்று ஆங்கிலிக்கன்கள் தயங்கினார்கள். அவர்களுடைய தயக்கமே பெரிது. அசரியாவுக்கு அதிக வருத்தம் தந்ததும் சொந்த வீட்டாரின் இந்தத் தயக்கம்தான். கடைசியில், ஏற்கெனவே பட்டம் பெற்ற போதகர்களை அப்படியே ஏற்றுக்கொள்வது, இனிமேல் பட்டம் பெறுவோருக்கு மட்டும் அத்தியட்சர் கை வைப்பது, அவரும் சபைச் சங்கங்களோடு சேர்ந்தே நடப்பது என்று உடன்பாடு கண்டார்கள்.

1945 ஜனவரி 1 அன்று அசரியா டோர்னக்கலில் காலமானார். அதே மாதம் ஆங்கிலிக்கன் பொதுச் சங்கம் இணைப்புக்குச் சம்மதம் தந்தது. சில நாள் இருந்திருந்தால் காதால் கேட்டிருப்பார்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பதினான்கு அத்தியட்சாதீனங்களோடு தென்னிந்திய திருச்சபை பிறந்தது. ஆற்காடு மிஷன் சபைகளும் அதில் சேர்ந்தன. அன்று முதல் அச்சபையில் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கையில் அத்தியட்சரின் கையோடு கூடியிருக்கும் குருமார்களின் கைகளும் அவர் தலைமேல் வைக்கப்படுகின்றன.